செருகி நிறுவினால் மட்டுமே தெரிந்த வரைபடம்: உலாவிகளில் எஸ்விஜியோடு நம் அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர்

நண்பர்களுக்கு வணக்கம். உலாவிகளில் எஸ்விஜி என்ற திசையன் வரைகலை வடிவத்தை, அதாவது படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் எழுத்தில் விவரிக்கும் முறையை, பயன்படுத்தியபோது நமக்கு நேர்ந்தவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று இந்தத் திரியைத் தொடங்குகிறேன். என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவையில் வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு கால்வாய்ப் பாசனப் பகுதியின் பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால்கள், மதகுகள் ஆகிய அனைத்தையும் இணையப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பதே எனக்குத் தரப்பட்ட முதல் பணி. அதுவரை இத்தகைய வரைபடங்களை ஜிஃப் படங்களாக மாற்றித்தான் பக்கத்தில் இட்டு வந்தோம். மதகின் எண்ணைப் படிப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். அதைத் தவிர்க்க ஒரே வரைபடத்தை ஐந்து அளவுகளில் உருவாக்கி வைத்தோம். ஒரு மதகின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால்கூட ஐந்தையும் மறுபடி உருவாக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

எஸ்விஜி பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. 1998இல் அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் ஆகிய நிறுவனங்கள் பிஜிஎம்எல் என்ற வடிவத்தையும், மைக்ரோசாஃப்டும் மேக்ரோமீடியாவும் வேறு சிலரும் விஎம்எல் என்ற வடிவத்தையும் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியிடம் முன்வைக்க, அவற்றுக்குப் பொதுவான ஒரு தரத்தை உருவாக்க அமைந்த குழுவின் உழைப்பு 2001 செப்டம்பர் 4 அன்று எஸ்விஜி 1.0 என்ற பரிந்துரையாக வெளிவந்திருந்தது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து படிக்க முடிந்தது. இந்த இடத்தில் மையம், இவ்வளவு ஆரம், இந்த நிறம் என்று எழுதினால் அங்கே ஒரு மதகு தோன்றியது. வாய்க்கால் வளையும் இடத்தில் இரண்டு எண்களை மாற்றினால் வாய்க்கால் வளைந்தது. பெயரில் பிழை இருந்தால் பெயரை மட்டும் திருத்தினால் போதும். படத்தைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் அதைக் காட்ட உலாவி வேண்டுமே! இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் 1999இல் வந்த 5ஆம் பதிப்பு முதலே விஎம்எல் இருந்தது, எஸ்விஜி இல்லை. எனவே அடோபி இலவசமாகத் தந்த எஸ்விஜி வியூவர் என்ற செருகியை (உலாவியோடு சேர்ந்து இயங்கும் கூடுதல் நிரலை) நிறுவினோம். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கினால் படம் பெரிதாகும். ஆல்ட் விசையை அழுத்தி இழுத்தால் நகரும். எங்கள் வரைபடத்தின் கடைமடையில் இருந்த ஒரு மதகை நோக்கி நான் ஐந்தாறு முறை சொடுக்கிக்கொண்டே போனேன். கோடு சற்றும் மங்காமல், மதகின் இருபுறமும் இருந்த சிறு வாய்க்கால்கள் தாளில் மை கொண்டு வரைந்ததைப் போலத் தெரிந்தன. அருகில் நின்ற மூத்த வரைவாளர், முப்பது ஆண்டுகள் துணித்தாளில் மை கொண்டு வரைந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானே சொடுக்கிப் பார்த்தார்.

எங்கள் அலுவலகத்தில் தெரிந்த அந்த வரைபடம் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் தெரியவில்லை. அங்கிருந்த ஒவ்வொரு கணினியிலும் செருகியை நிறுவ வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2 மெகாபைட் அளவுள்ள அந்தக் கோப்பு தொலைபேசி வழி இணைப்பில் இறங்குவதற்குள் இணைப்பு இருமுறை அறுந்தது. பிறகு நானே குறுந்தகட்டில் எடுத்துச் சென்று ஒவ்வொரு மேசையாக நிறுவினேன். நச்சுநிரல் தாக்கிய கணினியை அவர்கள் துடைத்து மறுபடி விண்டோஸ் ஏற்றும்போதெல்லாம் வரைபடம் மறைந்துவிடும். மறுபடியும் எனக்கு அழைப்பு வரும். 2006 ஏப்ரலில் இன்னொரு தொல்லை சேர்ந்தது. இயோலாஸ் என்ற நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கின் விளைவாக மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் செய்த மாற்றத்தால், பக்கத்தில் பொதிந்த ஒவ்வொரு செருகிப் பொருளையும் பயனர் ஒருமுறை சொடுக்கி இயக்கினால்தான் அது வேலை செய்தது. ஒரே பக்கத்தில் நான்கு வரைபடங்கள் வைத்திருந்தோம். நான்கையும் சொடுக்க வேண்டியிருந்தது.

தமிழ் எழுத்து தனிக்கதை. அந்த அலுவலகத்தில் பெரும்பாலும் விண்டோஸ் 98. ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் அதில் சரிவரத் தெரியாது. புதிய கணினிகளிலும், எங்கள் வரைகலை மென்பொருள் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே இடத்தைக் குறித்து ஏற்றுமதி செய்ததால், 'கோயில் மதகு' என்ற பெயரில் கொம்பு ஓரிடத்திலும் ககரம் ஓரிடத்திலும் கால் இன்னோரிடத்திலும் பிரிந்து நின்றன. கெடு நெருங்கியதால் பெயர்கள் அனைத்தையும் கோடுகளாக மாற்றினேன். கண்ணுக்குப் பெயர் சரியாகத் தெரிந்தது. ஆனால் கோப்புக்குள் பெயர் என்று எதுவும் இல்லை. வளைவுகள் மட்டுமே இருந்தன. தேட முடியவில்லை, திருத்த முடியவில்லை. கோப்பின் அளவும் பல மடங்கு பெருத்தது. எந்த நன்மைக்காக எஸ்விஜியைத் தேர்ந்தேனோ அதில் பாதியை என் கையாலேயே அழித்தேன் என்ற வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது.

2005 நவம்பர் 29 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.5 வெளிவந்தது. செருகி இல்லாமலே எஸ்விஜியைக் காட்டும் என்று அறிந்து அன்றிரவே தரவிறக்கினேன். எங்கள் வரைபடத்தைத் திறந்தால் வரைபடம் வரவில்லை. இந்தக் கோப்புக்கு அலங்காரத் தகவல் எதுவும் இணைக்கப்படவில்லை என்ற செய்தியும், அதன் கீழே கோப்பின் உறுப்புகள் மரம்போல் கிளைத்த பட்டியலும் வந்தன. காரணம், கோப்பின் முதல் உறுப்பில் எஸ்விஜிக்கு உரிய பெயர்வெளியை, அதாவது இந்த உறுப்புகள் எஸ்விஜியைச் சேர்ந்தவை என்று உலாவிக்குச் சொல்லும் குறிப்பை, நாங்கள் அறிவிக்கவே இல்லை. அடோபியின் செருகி அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு படத்தைக் காட்டிவந்ததால் நான்கு ஆண்டுகளாக அது பிழை என்றே எங்களுக்குத் தெரியாது. அதைத் திருத்திச் சேவையகத்தில் ஏற்றினால் இப்போது கோப்பு முழுவதும் வெறும் உரையாகத் திரையில் ஓடியது. சேவையகம் அதை உரை என்று அறிவித்து அனுப்பிக்கொண்டிருந்தது. செருகி கோப்பின் பெயரைப் பார்த்தே ஏற்றுக்கொண்டிருந்தது. சேவையக அமைப்பில் ஒரு வரி சேர்த்த பிறகு வரைபடம் தோன்றியது. வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் நாங்கள் அமைத்திருந்த அசைவு மட்டும் அசையாமல் நின்றது. ஃபயர்ஃபாக்ஸில் அந்த வசதி 2011இல் 4ஆம் பதிப்போடுதான் வந்தது.

ஃபயர்ஃபாக்ஸ் 1.5 வந்த சில நாள்களிலேயே, 2005 டிசம்பரில், இணையத்தில் எஸ்விஜிக்குப் போட்டியாக இருந்த ஃபிளாஷின் உரிமையாளரான மேக்ரோமீடியாவை அடோபி வாங்கி முடித்தது. எஸ்விஜி வியூவருக்கான ஆதரவு 2009 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஒரு நிறுவனம் தன் வணிகத் தேவைப்படி முடிவெடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பொதுத் தரம் பெரும்பாலான மக்களின் கணினியில் உயிரோடு இருப்பது ஒரே நிறுவனத்தின் ஒரே செருகியைப் பொறுத்ததாக இருந்த நிலையைத்தான் நான் குறை என்கிறேன். அதன் பிறகும் 2011 மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 வரும்வரை அந்த உலாவியில் எஸ்விஜி தானாகத் தெரியவில்லை. அந்தப் பதிப்பும் விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்காது. எங்கள் வாடிக்கையாளரின் அலுவலகம் எக்ஸ்பியிலேயே இருந்தது. அவர்களுக்காக 2008இல் வெளியான ரஃபேல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு, எஸ்விஜி அறிந்த உலாவிக்கு எஸ்விஜியாகவும் மற்றதற்கு விஎம்எல்லாகவும் வரைந்து காட்டினோம். மதகுகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் வரைந்தால் விஎம்எல் திணறியதால், கிளை வாய்க்கால் வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

உங்கள் அனுபவங்களையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்

ஐயா, எழுத்தைக் கோடாக மாற்றியதைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதியை இருமுறை வாசித்தேன். அதன் மறுகரையில் நிற்பவள் நான். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியையான நான், விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள எஸ்விஜி படங்களின் பெயர்களைத் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பயன்படுத்தி வருகிறேன். படத்தில் பெயர்கள் எழுத்தாகவே இருந்தால் இது அரை மணி நேர வேலை. இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தை உரைத் திருத்தியில் திறந்து, ஆங்கிலப் பெயர் இருக்கும் இடங்களில் இடது சோணையறை, வலது இதயவறை என்று எழுதிச் சேமித்தால் முடிந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஏட்ரியம், வென்ட்ரிக்கிள் என்று வழங்குவதால், அங்குள்ள ஒரு நண்பர் அதே கோப்பில் நான்கு சொற்களை மாற்றித் தம் மாணவர்களுக்குப் பயன்படுத்துகிறார். படத்தை வரைந்தவர் யார், எந்த நாட்டவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. பெயர்களைக் கோடுகளாக மாற்றி ஏற்றிய படங்களில் ஒவ்வொரு பெயரின் வளைவுகளையும் தேடி அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக எழுத வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

எனக்கு நேர்ந்த இடர் வேறொன்று. விக்கிப்பீடியா நம் எஸ்விஜியை அப்படியே வாசகருக்கு அனுப்புவதில்லை. லிப்ஆர்எஸ்விஜி என்ற நிரலால் சேவையகத்திலேயே புள்ளிகளால் ஆன பிஎன்ஜி படமாக மாற்றித்தான் காட்டுகிறது. நான் என் கணினியில் லதா எழுத்துருவில் அளந்து வைத்த பெயர்கள், அந்த எழுத்துரு சேவையகத்தில் இல்லாமையால் வேறொன்றில் அகன்று, இதயத்தின் மேலேயே ஏறி நின்றன. அதன் பிறகு ஒவ்வொரு பெயரும் தொடங்கும் இடத்தைக் குறிப்பதை விட்டுவிட்டு, படத்தின் இடப்பக்கத்துப் பெயர்கள் சுட்டுக்கோட்டின் நுனியில் வந்து முடியுமாறும் வலப்பக்கத்துப் பெயர்கள் அங்கிருந்து தொடங்குமாறும் நங்கூரப் பண்பை அமைத்தேன். எழுத்துரு எதுவானாலும் பெயர் வெளிப்புறமாகவே நீளும். படத்தின் மேல் ஏறாது. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைவிட நீளமாக இருப்பதால், மொழிபெயர்ப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது நல்லது.

நீட்சிகள் எழுதும் ஓர் உறுப்பினர்

செருகி போய்விட்டது, ஆனால் உலாவிக்குப் புது வசதி சேர்க்கும் சிறு நிரலான நீட்சியில் எஸ்விஜித் தொல்லை இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். தமிழ்ச் சொல் தேடலுக்கான ஒரு சிறு நீட்சியை ஃபயர்ஃபாக்ஸுக்கும் குரோமுக்கும் எழுதியிருக்கிறேன். அதன் சின்னம் ஒரு ழகரம். ஃபயர்ஃபாக்ஸ் அதற்கு ஓர் எஸ்விஜி கோப்பை ஏற்றுக்கொள்கிறது; குரோம் நீட்சியின் சின்னத்துக்கு எஸ்விஜியை ஏற்பதில்லை. எனவே 16, 48, 128 படவணு (பிக்சல்) அளவுகளில் மூன்று பிஎன்ஜி படங்கள் செய்தேன். 16 படவணுவில் ழகரத்தின் கீழ்ச்சுழி அடைந்துபோய் ஒரு கறைபோல் தெரிந்ததால், அந்த அளவுக்கு மட்டும் சுழியை அகலமாக்கித் தனியே வரைந்தேன். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது நிரல் முழுவதையும் மறுபடி எழுத நேர்ந்தது. மாற்றமின்றி அப்படியே எடுத்து வைக்க முடிந்தது அந்த எஸ்விஜி சின்னத்தை மட்டுந்தான்.

திரியைத் தொடங்கியவர்

அம்மா, தங்கள் பகிர்வைப் படித்த அன்றே பழைய குறுந்தகட்டைத் தேடி எடுத்தேன். 2002இல் நான் எழுதிய கோப்பு பழுதின்றிக் கிடைத்தது. பெயர்வெளியை அறிவிக்கும் பகுதியை மட்டும் சேர்த்து இன்றைய உலாவியில் திறந்தேன். வாய்க்கால்களும் மதகுகளும் அன்று இருந்தபடியே தெரிந்தன, அசைவுகூட ஓடியது. கைப்பேசியில் இரு விரலால் விரித்துக் கடைமடை மதகு வரை போக முடிந்தது.

பெயர்களைக் கோட்டிலிருந்து மீட்டு எழுத்தாக்கும் பணியைத் தொடங்கியிருக்கிறேன். மதகுகள் 312, அன்றைய களப் பதிவேட்டின் நகல் கைவசம் இருப்பதால் பெயர்களில் ஐயமில்லை. நாளொன்றுக்கு இருபது என்ற கணக்கில் இதுவரை 140 பெயர்களை எழுதியாயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஓர் இடக்குறிப்பு மட்டும் தந்திருப்பதால் 'கோயில் மதகு' இப்போது பிரியாமல் நிற்கிறது. உலாவியின் தேடலில் அப்பெயரைத் தட்டினால் அந்த மதகுக்கே போகிறது. நீங்கள் சொன்ன நங்கூர முறை பிரதான வாய்க்காலின் இருபுறமும் நன்றாகப் பொருந்துகிறது. சாய்ந்து செல்லும் கிளை வாய்க்கால்களில் பெயரையும் சாய்த்து எழுத வேண்டியிருக்கிறது. அத்தகைய இடங்களில் லிப்ஆர்எஸ்விஜி தமிழை எப்படிக் காட்டுகிறது என்பதை நீங்கள் பார்த்திருந்தால், மீதமுள்ள 172 பெயர்களைத் தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.