கோடியக்கரையில் சாய்ந்த பாலை மரங்கள்: படமெடுக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, விழுந்த தென்னைகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. கோடியக்கரைக் காட்டில் சாய்ந்த முதிய பாலை மரங்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மிக மெதுவாக வளரும் மரம் அது. வைரம் பாய்ந்த கட்டை எளிதில் மக்காது. எஞ்சிய அடிமரங்களையும் பெயர்ந்த வேர்களையும் முறையாகப் படமெடுத்து வைக்க விரும்புகிறேன்.

சிக்கல் வெளிச்சம்தான். இலைகளுக்கு இடையே வெயில் திட்டுத்திட்டாக விழுவதால் ஒரு பக்கம் வெளுத்துவிடுகிறது, மறுபக்கம் கருத்துவிடுகிறது. கட்டையும் பின்னாலிருக்கும் புதரும் ஒரே சாம்பல் நிறமாகிப் படம் தட்டையாக நிற்கிறது. ஃபிளாஷ் வேண்டாம், மான்கள் மிரளும். மூடாக்கான ஐப்பசி, கார்த்திகை நாட்களில் எடுத்தவர்கள் உண்டா? மரத்தின் பருமன் தெரிய அருகில் எதை வைப்பீர்கள்? பொந்தின் உட்புறத்தை எப்படி எடுப்பது?

சரணாலயத்துக்குள் முக்காலி கொண்டுபோக வனத்துறையிடம் தனி அனுமதி வாங்கிய அனுபவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள். புயலுக்கு முன் அங்கே எடுத்த பழைய படங்கள், மங்கலாக இருந்தாலும், மிகவும் உதவும்.