மனு ரசீதும் ஒரு பணியிடை நீக்கமும்

காவல் நிலைய அனுபவங்களை எல்லோரும் எழுதுவதால், என்னுடையதையும் பதிவு செய்கிறேன்.

2024 ஆகஸ்டில், விளவங்கோடு வட்டத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தின் பூட்டை உடைத்து, சுமார் 200 கிலோ ரப்பர் ஷீட்டை ஒரே இரவில் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலையில் அப்பாவும் நானும் நிலையத்துக்குப் போய் மனு கொடுத்தோம். மனுவை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய ஏட்டு, ரசீது கேட்டதும், "எஸ்.ஐ. வரட்டும்" என்றார். எஸ்.ஐ. வந்ததும், ஷீட் களவுக்கெல்லாம் வழக்குப் போட்டால் நிலையம் தாங்காது என்று சிரித்தார். இப்படியே நான்கு முறை நடந்தோம்.

சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதை அற்பமாக நினைக்க வேண்டாம். பதிவேட்டில் எண் ஏறாத மனுவை, "அப்படி ஒன்றும் வரவில்லையே" என்று நாளைக்கே சொல்லிவிட முடியும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே கூறிவிட்டது. ஐந்தாவது முறை போவதற்குப் பதிலாக, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சல் அனுப்பினேன். (அந்தச் சட்டம் ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்திருந்தது, நிலையத்தில் இன்னும் பழைய சட்டத்தின் 154-ஆம் பிரிவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.) அட்டை முத்திரையோடு திரும்பி வந்த அதே வாரத்தில் நிலையத்திலிருந்தே அழைத்து, வழக்குப் பதிந்து, நகலையும் இலவசமாகத் தந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, எங்களுடையது உட்படப் பல மனுக்களைப் பதியாமல் வைத்திருந்ததாக அந்த எஸ்.ஐ. பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சாயாக்கடையில் அப்பாவுக்கு ஏகப்பட்ட வாழ்த்து. ஆனால் பணியிடை நீக்கம் தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை ஒருவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைப்பது மட்டுமே, அந்தக் காலத்தில் சம்பளத்துக்குப் பதிலாகப் பிழைப்பூதியமும் கிடைக்கும். பெரிய தண்டனை வேண்டுமென்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, சாட்சிகளை விசாரிக்க வேண்டும். இதற்கிடையில் எங்கள் வழக்குக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதையே புதிதாக வந்தவரால் இரண்டு மாதம் சொல்ல முடியவில்லை.

துறை விசாரணைக்கு அப்பாவைச் சாட்சியாக அழைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்பது எங்களுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. சீருடை இல்லாமல் சாதாரணச் சட்டையில் எதிரே அமர்ந்திருந்த அவர், "நான் உங்ககிட்ட பைசா கேட்டேனா?" என்று கேட்டார். அப்பா சிறிது நேரம் மேசையையே பார்த்திருந்துவிட்டு, "பைசா ஒண்ணும் கேக்கல்ல சார். நான் ஒரு ரசீது கேட்டேன், அத நீங்க தரல்ல" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே எழுதினார். விசாரணையின் முடிவை எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்பியிருக்கிறேன்.

—

மேலே எழுதியவருக்கு: குளச்சல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பியின் படகு எஞ்சின் களவுபோனது தொடர்பாக முதலமைச்சர் உதவி எண் 1100-இல் பதிந்த புகாருக்கு, எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் "தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. அந்தச் செய்தியை அச்செடுத்துக்கொண்டு புதன்கிழமை மனு விசாரணைக்கு எஸ்.பி. அலுவலகம் போனேன். அங்கிருந்த அதிகாரி எங்கள் எதிரிலேயே நிலையத்துக்குப் போன் செய்து, என்ன தீர்வு என்று கேட்டார். அடுத்து வந்த குறுஞ்செய்தியில் "விசாரணையில் உள்ளது" என்று மாறியிருந்தது. இன்றும் விசாரணையில்தான் உள்ளது.