'பவ் அவுட்' எங்கே பொருந்தும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் 'பவ் அவுட்' (bow out) என்கிறார்களே, அதைப் பற்றி ஒரு சந்தேகம். கௌரவமாக விலகிக்கொள்வது என்ற பொருள் தெரியும். மேடைக் கலைஞர்கள் தலைவணங்கிவிட்டு உள்ளே போவதுதான் இதற்குள் இருக்கும் படம். 2022-ல் லண்டனில் லேவர் கோப்பை டென்னிஸ் போட்டியில் ஃபெடரர் கடைசியாக ஆடி விடைபெற்றாரே, அதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இத்தனைக்கும் அந்த இரட்டையர் ஆட்டத்தில் அவர் தோற்றுத்தான் போனார்!

குழப்பம் விளையாட்டுச் செய்திகளில்தான். முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறிய அணிக்கும் 'பவ்டு அவுட்' என்றே எழுதுகிறார்கள். அங்கே தானாக விலகுவது எங்கே வந்தது? மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்களா, இல்லை வெறும் 'வெளியேறியது' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

இன்னொன்று, எனக்கு இதுதான் அவசரம். நான் ஒத்துக்கொண்ட ஒரு குழு வேலையிலிருந்து விலக வேண்டியிருக்கிறது. 'ஐ வுட் லைக் டு பவ் அவுட் ஆஃப் திஸ் ப்ராஜெக்ட்' என்று மின்னஞ்சலில் எழுதலாமா? 'பேக் அவுட்' என்றால் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கிய தொனி வருகிறது. 'ஸ்டெப் டவுன்' பதவியில் இருப்பவர்களுக்குத்தான் சரி. கூட வேலை செய்தவர்கள் மனம் நோகக்கூடாது, பாதியில் கழன்றுகொண்டதாகவும் நினைக்கக்கூடாது. 'கிரேஸ்ஃபுலி' என்பதை நம்மைப் பற்றி நாமே சேர்த்து எழுதுவது சுயதம்பட்டமாகத்தான் படுகிறது, அதை விட்டுவிடுகிறேன்.

அலுவலகக் கடிதங்களில் இதைப் பயன்படுத்திப் பழகியவர்கள், முடிந்தால் ஒரு மாதிரி வாக்கியத்தோடு சொல்லுங்கள். நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.