பாப்-அப் கேம்பரில் ஐந்து மாதம்: மெத்தையடி ஈரம், கனத்துவிட்ட கூரை, அமிழ்ந்துபோன பின்பக்கம்

வழித்துணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பிக்கப் டிரக்கின் சரக்குப் பெட்டியில் ஏற்றிப் பொருத்தும் பாப்-அப் கேம்பர் ஒன்றில் ஐந்து மாதங்களாக முழுநேரமும் வசித்து வருகிறோம். நாங்கள் வாங்கியபோது அதில் கூரையும், துணிச்சுவரும், ஓட்டுநர் அறைக்கு மேலே நீளும் படுக்கைப் பலகையும் மட்டுமே இருந்தன. மற்ற அனைத்தையும் நாங்களே செய்துகொண்டோம். வலப்பக்கம் முழுவதும் பிளைவுட் அலமாரி அமைத்தோம். பின்கதவை ஒட்டி 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய பேட்டரிகள் இரண்டையும், நடுவில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும், கூரைமேல் தலா 200 வாட் சோலார் பேனல்கள் இரண்டையும் வைத்தோம். ஓடும்போது கூரை தாழ்ந்திருப்பதால் எதிர்க்காற்று அதிகம் தெரிவதில்லை. நிறுத்தியபின் கூரையை உயர்த்தினால் நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கிறது. இந்த வாழ்க்கையை நாங்கள் உண்மையிலேயே விரும்புகிறோம், தொடரவும் நினைக்கிறோம்.

ஆனால் குளிர் கூடத் தொடங்கியபின் மூன்று தொல்லைகள் சேர்ந்துவிட்டன. முதலாவது, காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. ஓரங்களில் கரும்பூஞ்சை பிடித்துவிட்டது. குளிரைத் தடுக்கத் துணிச்சுவரின் உட்புறம் வெள்ளி நிறக் குமிழித்தாள்களைத் தொங்கவிட்டோம். அவற்றின் பின்னாலும் நீர் வழிகிறது. இரண்டாவது, கூரையை உயர்த்த இருவரும் தோள்கொடுக்க வேண்டியிருக்கிறது. உறைபனி விழுந்த காலைகளில் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாவது, வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்து, இரவில் முகப்பு விளக்குகள் மேல்நோக்கி அடிக்கின்றன. ஸ்டியரிங்கும் லேசாகிவிட்டதுபோல் என் கணவருக்குத் தோன்றுகிறது. பின் ஸ்பிரிங்குகளுக்குக் காற்றுப் பைகள் பொருத்தினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இவற்றுள் எதை முதலில் கவனிப்பது? தூங்குவதற்கு முன் புகைக்குழாய் இல்லாத சிறிய கேஸ் ஹீட்டரை அரைமணி நேரம் எரிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பனித்துளி எழுதியது:

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் மிகவும் அவசரமானது. அந்த ஹீட்டரை இன்றிரவு முதல் உள்ளே எரிக்காதீர்கள். மூடிய சிறு அறையில் காற்று குறையும்போது அது கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இதுவரை இல்லையென்றால் படுக்கையின் உயரத்தில் ஒன்றைப் பொருத்துங்கள். புரொப்பேன் கசிவை அறியும் கருவியைத் தரையருகே பொருத்த வேண்டும், ஏனெனில் அந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் கீழே தேங்கும்.

உங்கள் ஈரத்துக்கும் அந்த ஹீட்டருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. நூறு கிராம் எரித்தாலும் ஒரு தம்ளர் தண்ணீரை அறைக்குள் தெளித்ததற்குச் சமம். அதற்குமேல், உறங்கும் இருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் அரை லிட்டருக்குக் குறையாமல் நீரை வெளிவிடுகிறார்கள். இத்தனை நீரும் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அறை 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். உங்கள் கேம்பரில் அப்படிப்பட்ட பரப்புகள் அலுமினியச் சட்டங்கள், துணிச்சுவர், எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கைப் பலகை. அந்தப் பலகையின் அடியில் வெளிக்காற்று ஓடுகிறது; மேலே மெத்தை உங்கள் உடற்சூடு பலகையை எட்டாமல் தடுக்கிறது. நீராவியோ மெத்தைக்குள் இறங்கி, குளிர்ந்த பலகையைத் தொட்டவுடன் நீராகிவிடுகிறது. மெத்தை எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்குப் பலகை குளிர்ந்திருக்கும் என்பதால், தடித்த மெத்தை வாங்குவது இதற்குத் தீர்வாகாது.

நான் இரண்டு குளிர்காலங்களைப் பாப்-அப்பில் கழித்திருக்கிறேன். முதல் ஆண்டு உங்களைப்போலவே ஒரு மெத்தையைப் பூஞ்சைக்குப் பறிகொடுத்தேன். அதன்பின் பலகையின் மேல் மூடிய கண்ணறை (நீரை உறிஞ்சாத) நுரைத்தகடு ஒன்றை ஒட்டி, அதற்குமேல் காற்று ஓடக்கூடிய இரண்டு சென்டிமீட்டர் உயர வலைவிரிப்பைப் போட்டு, அதன்மேல் மெத்தையை வைத்தேன். நுரை பலகையின் குளிரை மறைக்கிறது, வலை ஈரம் வெளியேற வழிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பயன் கிடைக்கிறது. வலையை மட்டும் போட்டுப் பார்த்த மாதங்களில் ஈரம் குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

குமிழித்தாள்களைப் பொறுத்தவரை, தொங்கவிடுவதுதான் பிழை. தாளின் ஓரங்கள் திறந்திருந்தால் அறைக்காற்று பின்னால் புகுந்து, இன்னும் குளிர்ந்துவிட்ட துணிமேல் நீரை இறக்கிவிடும். கூரை முதல் சுவரின் அடிவரை விளிம்புகள் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்படி தைத்த உள்திரை வேண்டும். அப்போதும் வாரம் ஒருமுறை கழற்றித் துணியை உலரவிட வேண்டும். பூஞ்சை பிடித்த இடத்தை மென்மையான சோப்பு நீரால் கழுவுங்கள். பிளீச் துணியின் மேற்பூச்சையும் தையலையும் கெடுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது காற்றோட்டம். தாழ்வான ஓர் இடத்தில் காற்று உள்ளே வரவும், கூரையின் விசிறிவழி வெளியேறவும் இரவு முழுவதும் வழி இருக்க வேண்டும். சூட்டை வெளியே விடுகிறோமே என்று மனம் தயங்கும். ஆனால் ஈரக்காற்றை வெளியேற்றி உலர்ந்த குளிர்காற்றைச் சூடாக்குவதே உண்மையான சிக்கனம். சூட்டுக்கு, எரிகாற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியிலேயே விடும் இரண்டு கிலோவாட் டீசல் ஹீட்டர் போதுமானது.

அச்சாணி எழுதியது:

பனித்துளி ஈரத்தைப் பற்றி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஹீட்டருக்கு அடுத்தபடி நீங்கள் பார்க்க வேண்டியது எடையைத்தான். முகப்பு விளக்கு மேல்நோக்குவதும் ஸ்டியரிங் லேசாவதும் முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைந்துவிட்டதன் அடையாளங்கள்; திருப்பத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் முன்சக்கரங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

தொட்டியை நிரப்பி, நீங்கள் இருவரும் ஏறி, வழக்கமாகச் சுமக்கும் எல்லாவற்றோடும் ஓர் எடைமேடைக்குச் செல்லுங்கள். முழு வண்டியை ஒருமுறையும், பின் அச்சை மட்டும் மேடைமேல் நிறுத்தி மறுமுறையும் எடை பாருங்கள். ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள மொத்த அனுமதி எடையோடும், ஒவ்வோர் அச்சின் அனுமதி எடையோடும் அவற்றை ஒப்பிடுங்கள். அதே இடத்தில் காணும் சுமைத்திறன் அளவில் வண்டியில் அமரும் மனிதர்களின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விற்பனைத் தாளில் போடப்படும் கேம்பரின் எடையோ, தண்ணீரும் பேட்டரியும் அலமாரியும் இல்லாத வெற்றுக்கூட்டின் எடை.

காற்றுப் பைகளைப் பற்றி: அவை பின்பக்கத்தை உயர்த்தும், ஆட்டத்தையும் ஓரளவு குறைக்கும். ஆனால் அச்சு, சக்கரம், டயர், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறனை அவை கூட்டுவதில்லை. அளவுக்கு மீறிய சுமையை அவை கண்ணுக்கு மறைத்துவிடும் என்பதே என் கவலை. எடை வரம்புக்குள் வந்தபின் பொருத்தினால் நல்லது.

பேட்டரிகளைப் பின்கதவருகே வைத்ததுதான் உங்கள் தொல்லையின் பெரும்பகுதி என்று நினைக்கிறேன். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் பொருள், தன் எடையைவிட அதிகமான பாரத்தை அந்த அச்சின்மேல் ஏற்றும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.6 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் 50 கிலோவை வைத்தால், பின் அச்சின் பாரம் 62.5 கிலோ கூடும். முன் அச்சின் பாரம் 12.5 கிலோ குறையும். அதே 50 கிலோவைப் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு ஒட்டி வைத்தால் முன்சக்கரங்களுக்கும் அதன் பங்கு கிடைக்கும். கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். கனமானவை கீழேயும் முன்னேயும், லேசானவை மேலேயும் பின்னேயும் இருக்கட்டும். பிளைவுட் அலமாரியை அலுமினியச் சட்டமும் துணிப்பைகளுமாக மாற்றிப் பாருங்கள். பொருளை எடுத்து வைக்கும் வசதி குறைவதில்லை என்பது என் அனுபவம். கூரைப் பேனல்களையும் நான் இறக்கிவிடவே சொல்வேன்.

மின்னோட்டம் எழுதியது:

பேனல்கள் இரண்டையும் இறக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 40 லிட்டர் கம்ப்ரசர் குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி, டீசல் ஹீட்டரின் விசிறிக்கும் பம்புக்கும் ஓர் இரவில் 10 முதல் 15, கூரை விசிறிக்கு 5 என்று வைத்தால் அதிகபட்சமாக 60 வருகிறது. படுக்கையாகக் கிடக்கும் ஒரு 200 வாட் பேனல், நல்ல வெயிலில் கிட்டத்தட்ட 55 ஆம்பியர்-மணி தந்துவிடும். எனவே ஒன்றைக் கூரையில் விட்டுவிட்டு, மற்றதற்கு நீண்ட கம்பி போட்டுத் தரையில் வெயிலை நோக்கிச் சாய்த்து வையுங்கள். நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேனலை மட்டும் வெயிலில் வைக்கலாம் என்பது கூடுதல் நன்மை.

ஈய பேட்டரிகள் இரண்டையும் மாற்றுங்கள். அவற்றில் பாதியளவே பயன்படுத்துவது நல்லது என்பதால், 60 கிலோவுக்கு நெருங்கிய எடையைச் சுமந்து 100 ஆம்பியர்-மணிதான் பெறுகிறீர்கள். அதைச் சுமார் 12 கிலோ எடையுள்ள ஒரே லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கொடுத்துவிடும். அதைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, ஆகவே வெளிப்பெட்டியில் வைக்காமல் சூடுள்ள உட்பகுதியில் வையுங்கள். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் டிரக்கின் ஆல்டர்னேட்டரிலிருந்து அதை நேராக இணைக்க வேண்டாம். இடையில் மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும், இல்லையென்றால் அந்த பேட்டரி இழுக்கும் மின்னோட்டத்தில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடும். ஃபியூஸை பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் போடுங்கள்.

பேட்டரியை முன்னே நகர்த்தும்போது கம்பியின் பருமனையும் பாருங்கள். ஐந்து மீட்டர் தள்ளியுள்ள ஒரு சாதனத்துக்கு 10 ஆம்பியர் செல்லும்போது, போகவர 10 மீட்டர் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 0.7 வோல்ட் இழப்பு ஏற்படும்; குளிர்பெட்டி காரணமின்றி நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். 6 சதுர மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும்.

வழித்துணை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹீட்டரை அன்றே வெளியேற்றிவிட்டோம். எடைமேடைக்கும் போய் வந்தோம். எங்கள் டிரக்கின் மொத்த அனுமதி எடை 3,200 கிலோ. மேடை காட்டியது 3,310. பின் அச்சும் வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது எங்களுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. ஐந்து மாதம் மலைப்பாதைகளில் இப்படியே இறங்கியிருக்கிறோம். பேட்டரி மாற்றத்தில் 46 கிலோவும், தொட்டியைப் பாதி மட்டும் நிரப்புவதால் 40 கிலோவும், அலமாரியை மாற்றினால் 18 கிலோவும், கருவிப்பெட்டியில் தேவையற்றதை எடுத்துவிட்டால் 22 கிலோவும் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அப்படியானால் 3,184 வருகிறது. கூரையைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை.

தச்சுக்கை எழுதியது:

கூரையைப் பற்றி நான் சொல்கிறேன். சட்டங்களோடு சேர்த்து இரண்டு பேனல்கள் ஏறக்குறைய 28 கிலோ இருக்கும். வெறும் கூரைக்கென்று அளவெடுத்த கியாஸ் ஸ்ட்ரட்டுகளால் (கூரையைத் தூக்க உதவும், வாயு அடைத்த தண்டுகள்) அதைத் தூக்க முடியாது. குளிரில் மோசமாவதற்கும் காரணம் உண்டு. வெப்பம் குறையும்போது உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தமும் குறையும். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 10 டிகிரிக்கு வந்தால் விசையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஸ்ட்ரட்டின் உடலில் அதன் விசை நியூட்டனில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் மின்னோட்டம் சொன்னபடி ஒரு பேனலை இறக்கிவிட்டு, எஞ்சியதைக் கூரையின் நடுவில் வைத்து, ஒரு வாரம் உயர்த்திப் பாருங்கள். அதன்பிறகும் கடினமாக இருந்தால் மட்டும் ஒரு படி வலுவான ஸ்ட்ரட்டைப் போடுங்கள். தேவைக்கு மீறி வலுவானதைப் போட்டால் கூரையை இறக்குவது துன்பமாகும். ஓடும்போது பூட்டுக்கொக்கிகள் ஓயாமல் இழுபட்டுத் தேயும்.

பேனலை எடுத்த துளைகளைச் சிலிக்கானால் அடைக்காதீர்கள். அதன்மேல் பின்னர் வேறெந்தப் பூச்சும் ஒட்டாது. பியூட்டைல் டேப்பை (நீர் புகாத ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திருகாணியை முடுக்கி, மேலே கூரைக்கான சீலன்ட்டைப் பூசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிசல் பாருங்கள். பனி விழும் இடமென்றால் தூங்கும்முன் கூரைமேல் உள்ள பனியைத் தள்ளிவிடுங்கள். ஏழு சதுர மீட்டர் கூரைமேல் பத்து சென்டிமீட்டர் புதுப்பனி 70 கிலோ வரை இருக்கலாம், ஈரப்பனியானால் அதைவிடக் கூடும். இறக்கும்போது துணி மடிப்புக்குள் சிக்காமலிருக்க, சுற்றிலும் ஒரு ரப்பர் கயிற்றைக் கட்டித் துணியை உள்ளிழுத்துக்கொண்டு, காற்று வெளியேறக் கதவைத் திறந்து வையுங்கள். மழையில் நனைந்த துணியை மடித்துப் பூட்டினால், அன்றே எங்காவது நிறுத்தி விரித்து உலர்த்திவிடுங்கள்.

அச்சாணி எழுதியது:

3,184 என்பது வரம்புக்குள் 16 கிலோதான் மிச்சம் என்று பொருள். மாற்றங்கள் முடிந்ததும் மறுபடி எடைமேடைக்குச் சென்று, குறிப்பாகப் பின் அச்சை அளந்து பாருங்கள். பாரம் இடம் மாறும்போது கேம்பரை வண்டியோடு பிணைக்கும் டர்ன்பக்கிள்களின் இறுக்கமும் மாறிவிடும். நான்கையும் புதிதாக முடுக்கி, முதல் 50 கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி ஒருமுறை சரிபாருங்கள். பெட்டியின் தரையில் ரப்பர் விரிப்பு இல்லையென்றால், கேம்பரை இறக்கும் வாய்ப்பு கிடைக்கும்போது அதையும் போட்டுவிடுங்கள்.

வழித்துணை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மேடை 3,176 காட்டியது. பின் அச்சும் வரம்புக்குள் வந்துவிட்டது, விளக்குகள் மீண்டும் சாலையைப் பார்க்கின்றன. நுரையும் வலைவிரிப்பும் போட்டபின் மெத்தையின் அடி காய்ந்திருக்கிறது. தலைமாட்டு மூலையில் மட்டும் இன்னும் லேசான பிசுபிசுப்பு இருக்கிறது, அங்கே சட்டத்தின் அலுமினியம் வெளியே தெரிகிறது. அதை நுரைநாடாவால் மூடிப் பார்க்கப் போகிறோம். கூரையை நேற்று உறைபனியில் நான் ஒருத்தியாகவே உயர்த்தினேன்.