சின்ன டெலஸ்கோப்ல நட்சத்திரக் கொத்த (க்ளஸ்டர்) படம் எடுத்தவங்க அனுபவத்தச் சொல்லுங்க, இது என்னோடது

மேல ஒருத்தர் "க்ளஸ்டர்ல என்னங்க இருக்கு, வெறும் புள்ளி புள்ளியா"ன்னு கேட்டிருந்தார். எனக்கு அதுல உடன்பாடே இல்ல. விளக்கு வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குற வானத்துல நெபுலா (வாயு, தூசி மேகம்), கேலக்ஸி எல்லாம் கரைஞ்சே போயிடும், க்ளஸ்டர் அப்டி கைவிடாது, ஏன்னா நட்சத்திர வெளிச்சம் ஒரு புள்ளியில குவியுது, வானத்து வெளுப்பால அத சீக்கிரம் அமுக்க முடியாது.

நம்மகிட்ட இருக்கறது 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் வெச்ச டெலஸ்கோப்), பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, வானம் நகர்றதுக்கு ஏத்த மாதிரி டெலஸ்கோப்பத் திருப்புற ட்ராக்கிங் மவுண்ட், அவ்ளோதான். இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கறது பெர்சியஸ் நட்சத்திர மண்டலத்துல இருக்குற ஜோடிக் கொத்து, என்ஜிசி 869ம் 884ம். சுமார் 7500 ஒளியாண்டு தூரத்துல இருக்கு, ஒரே ஃப்ரேம்ல ரெண்டும் சௌகரியமா உக்காந்துடும். ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) 800ல 60 செகண்ட் படத்தையும் 10 செகண்ட் படங்கள ஸ்டாக் பண்ணதையும் (பல படத்த ஒண்ணா சேர்த்ததையும்) பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், மொதல்ல இருந்ததுல பெரிய நட்சத்திரம் பூரா வெள்ளை வெளேர்னு ஊதிப் போயிருக்கு, ரெண்டாவதுல 884 பக்கம் நீலவெள்ளைக் கூட்டத்துக்கு நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணா ஆரஞ்சுப் பொட்டு! அதெல்லாம் சிவப்பு சூப்பர்ஜெயன்ட், அதாவது ரொம்பப் பெருசா ஊதின நட்சத்திரம். ஸூம் பண்ணி ஸூம் பண்ணி அதையே பாத்துட்டு இருந்தேன். பிக்ஸல் நிரம்பிட்டா சிவப்பு, பச்சை, நீலம் மூணும் உச்சத்துல போய் முட்டிக்கும், அப்புறம் என்ன எடிட் பண்ணாலும் கலர் வராது.

ஃபோகஸ்தான் உயிர். நெபுலாவுல லேசா பிசகினா கண்ணுக்குத் தெரியாது, இங்க ஒவ்வொரு நட்சத்திரமும் காட்டிக் குடுத்துடும். பாட்டினோவ் மாஸ்க் (டெலஸ்கோப் முன்னாடி மாட்டுற, கோடு கோடா வெட்டின மூடி, நட்சத்திரத்து மேல மூணு கோடு காட்டும்) மாட்டி நடுக்கோடு சரியா நடுவுல வர்ற வரைக்கும் திருகணும், ராத்திரி ஏற ஏற குளிர்ல குழாய் சுருங்கும், அதனால நடுவுல நடுவுல திரும்பப் பாத்துக்கணும், சோம்பல் பட்டா அவ்ளோதான்.

கார்த்திகைக் கூட்டம் (எம்45) கிட்டத்தட்ட 2 டிகிரி அகலம், முழு நிலாவ நாலு தடவ வரிசையா வெச்சா அவ்ளோ இடம், அதனால ஃபோகல் லெங்த் கம்மியா, பார்வைப் பரப்பு அகலமா இருக்கறதே நமக்கு லாபம். ஆனா அந்த நீலப் புகை வேணும்னா இருட்டு வானம் வேணுங்க, ஏமாத்த முடியாது. அது பிறந்தப்போ மிஞ்சின தூசி இல்லயாம், கூட்டம் போற வழியில குறுக்க வந்த மேகமாம்.

எம்13ங்கற உருண்டைக் கொத்துதான் இன்னும் இழுக்குது. லட்சக்கணக்குல நட்சத்திரம், ஓரமெல்லாம் அழகா பிரியுது, நடு மட்டும் ஒரே உருண்டையா ஒட்டிக்குது. 80 மி.மீ.லயே நடுப்பகுதிய ஓரளவு பிரிச்சவங்க இருந்தா எத்தன செகண்ட், எந்த ஐஎஸ்ஓன்னு சொல்லுங்க, அடுத்த அமாவாசைக்குப் போட்டுப் பாக்கறேன்.