பின்னச் சமன்பாடு: 13 வர வேண்டிய இடத்தில் 17 ஏன் வருகிறது?

கேள்வி
(ய + 1)/2 − (ய − 3)/5 = 5
பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 10. இருபுறமும் 10ஆல் பெருக்கினால் 5ய + 5 − 2ய − 6 = 50. அதிலிருந்து 3ய = 51, ய = 17. புத்தகத்தின் விடை 13. எந்த வரியில் பிசகு?

பதில் 1
பெருக்கிய வரியிலேயே. பின்னக் கோடு வகுத்தலைக் காட்டுவதோடு அடைப்புக்குறியின் வேலையையும் பார்க்கிறது. கோடு போனதும் அடைப்பை நாம்தான் போட வேண்டும்:

5(ய + 1) − 2(ய − 3) = 50

−2 உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புகளையும் பெருக்கும். −2 × −3 = +6. ஆக 3ய + 11 = 50, 3ய = 39, ய = 13.

வலப்பக்க 5ஐயும் பெருக்கியது சரி. அதை விட்டிருந்தால் 3ய + 11 = 5 என்றாகி −2 வந்திருக்கும். இதுவும் அடிக்கடி நடப்பதுதான்.

சரிபார்ப்பதை எப்போதும் கொடுத்த சமன்பாட்டிலேயே செய்யுங்கள். உங்கள் விரித்த வரியில் 17 அழகாகப் பொருந்தும்: 85 + 5 − 34 − 6 = 50. முதல் வரியில் போட்டால்தான் குட்டு வெளிப்படும்: 9 − 2.8 = 6.2.

பதில் 2
'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்வதும் ஆபத்து. 3ய = 39இல் 3ஐ −3 ஆக்கி 36 என்று எழுதுபவர்கள் உண்டு. எதுவும் எங்கும் போவதில்லை. +11 இருந்தால் இருபுறமும் 11 கழிக்கிறோம். 3 பெருக்கலில் இருந்தால் இருபுறமும் 3ஆல் வகுக்கிறோம், அவ்வளவுதான்.

தசமம் இருந்தாலும் இதே வழி. 0.3ய + 1.25 = 2 என்பதை 100ஆல் பெருக்கினால் 30ய + 125 = 200, ய = 2.5. 0.3க்கு ஓரிடம்தானே என்று அதை மட்டும் 10ஆல் பெருக்கிவிடாதீர்கள்.

கேட்டவர்
புரிந்தது, நன்றி. இன்னொன்று: 4ய = 7ய என்பதை யவால் வகுத்தால் 4 = 7. தீர்வே இல்லை என்று எழுதலாமா?

பதில் 1
கூடாது. ய பூச்சியமாக இருக்கலாம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. 7யவைக் கழியுங்கள்: −3ய = 0, ய = 0. தீர்வு இருக்கிறது.

ய தானாகவே அடிபட்டுப் போவது வேறு கதை. 2(ய + 3) = 2ய + 5 என்பதில் 6 = 5 மிஞ்சும்; அங்கேதான் தீர்வு இல்லை. வலப்பக்கம் 2ய + 6 என்றிருந்தால் 6 = 6; எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வரும்.