இருபது நிமிடத்துக்கு ஒருமுறை

அக்கா: தம்பி, காலையில் கணக்கு வேலைக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை நான் எழுந்திருப்பதே இல்லை. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளியிருக்கும் ஏதாவதொன்றை இருபது விநாடி பார்க்கும்படி கண் மருத்துவர் சொன்னார். வேலை மும்முரத்தில் அந்த நினைப்பே வருவதில்லை.

தம்பி: உன் மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம் இருப்பதால் தனிச் செயலி எதுவும் வேண்டாம், அக்கா, கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய நான்கு வரி பாஷ் ஸ்கிரிப்ட் போதும். 'வைல் ட்ரூ' என்று, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழலைத் தொடங்கி, உள்ளே 'ஸ்லீப் 1200' என்று எழுதினால், 1200 விநாடி அது பேசாமல் காத்திருக்கும். பிறகு அடுத்த வரியிலுள்ள 'நோட்டிஃபை-சென்ட்' கட்டளை திரையில் செய்தியைக் காட்டும்.

சித்தப்பா: குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுவதற்கென்றே கிரான் இருக்கும்போது, சுழல் எதற்கு?

தம்பி: முதலில் என் கணினியில் கிரானில்தான் போட்டுப் பார்த்தேன், சித்தப்பா. இரண்டு நாள் காத்திருந்தும் ஒரு செய்திகூட வரவில்லை. கிரான் தனிச் சூழலில் ஓடுவதால், நாம் திறந்து வைத்திருக்கும் திரைக்குச் செய்தி அனுப்பத் தேவையான டிபஸ் முகவரி, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழியின் முகவரி, அதற்குக் கிடைப்பதில்லை. அதை நாமே எழுதித் தர வேண்டும். கணினி திறந்ததும் தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் இந்தச் சுழலைச் சேர்த்துவிடுவது அக்காவுக்கு எளிது.

அக்கா (மறுநாள்): நேற்று நீ சொன்னபடியே செய்தேன். ஆனால் செய்தி சில விநாடிகளில் மறைந்துவிடுவதால், கீழே குனிந்து ரசீதுகளைப் புரட்டும்போது வந்தவற்றையெல்லாம் தவறவிட்டேன்.

தம்பி: கட்டளையோடு, செய்தியின் அவசரத்தைச் சொல்லும் 'அர்ஜென்சி' என்பதைக் 'கிரிட்டிகல்' என்று குறிப்பிடு. நீ சொடுக்கும் வரை செய்தி அங்கேயே நிற்கும்.

அம்மா: வெறுமனே "ஓய்வெடு" என்று வந்தால் இவள் "சரி" என்று தட்டிவிட்டு வேலையைத் தொடர்வாள். "ஜன்னல் வழியாகக் கோடி வீட்டு வேப்பமரத்தைப் பார், கண்ணை நன்றாக மூடித் திற" என்று எழுதிக் கொடு. திரையை உற்றுப் பார்க்கும்போது இவள் இமைப்பதே இல்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அக்கா (அதற்கடுத்த நாள்): அம்மாவின் வாசகத்தைப் போட்ட பிறகு, இன்று காலை ஒன்பது முறை வந்ததில் ஏழு முறை மரத்தைப் பார்த்தேன். கழுத்துதான் இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது முறை வரும்போதெல்லாம் எழுந்து நடக்கச் சொல்ல முடியுமா?

தம்பி: முடியும். சுற்றுகளை எண்ணி, மூன்றால் வகுபடும்போது வேறு செய்தி காட்டும்படி இரண்டு வரி சேர்த்து இரவு அனுப்புகிறேன்.